உத்திரமேரூர்: ஏரியிலிருந்து வாசிக்க வேண்டிய ஊர்

முதல் நாள்: கரைமேல்

உத்திரமேரூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய், குடவோலைக் கல்வெட்டைப் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் காஞ்சிபுரம் திரும்பிவிடுகிறார்கள். அரை மணி நேர வேலை. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஆறு பேர் 'ஏரி வாரியம்', அதாவது ஏரியைக் கவனிக்கும் குழு, என்று வருகிறார்களே, அவர்கள் எதைக் காத்தார்கள் என்று பார்க்காமல் போனால் பாதிதான் பார்த்த கணக்கு. அதனால் முதல் நாள் ஏரிக்கு.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் மூன்றிலிருந்தும் பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கும் இந்த மூன்று ஊர்களே இறங்குமிடம். ஏரியில் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில், மார்கழி, தை மாதங்களில் வர வேண்டும். ஏரியின் அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு நேரெதிர்: பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது மடையும் வாய்க்காலும் நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்க முடியாது.

தொண்டை நாட்டில் ஊர் அமைவதற்கு முன்னால் ஏரி அமைந்தாக வேண்டும். காவிரிக் கரையில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினால் வயல் விளைந்துவிடும். பாலாறும் செய்யாறும் அப்படிப்பட்ட ஆறுகள் அல்ல. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். மணலுக்கடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் தோண்டி எடுப்பது ஒரு வழி. மழைக்காலத்தில் சில நாட்கள் பெருகி வரும் வெள்ளத்தைத் திருப்பி ஏரியில் அடைப்பது இன்னொரு வழி. உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்று நீர் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. ஆற்றில் வெள்ளம் வரும் அந்தச் சில நாட்களில் கால்வாய் அடைத்துக் கிடந்தால், அந்த வருடச் சாகுபடி போயிற்று. ஏரிக்கு நீர் கொண்டுவரும் இந்த வரத்துக்காலைத் தூர் வாருவது ஏரியைத் தூர் வாருவதைவிட அவசரமான வேலை என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான்.

பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக, இதை ஏற்படுத்தியவன் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன், அதாவது பல்லவமல்லன். ஆட்சிக்காலம் 731 முதல் 796 வரை. ஊர் உண்டானது சுமார் 750 வாக்கில். 'உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்' என்பது கல்வெட்டுப் பெயர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான காலியூர்க் கோட்டத்துக்குள் இருந்தாலும், 'தன்கூற்று' என்ற அடைமொழியோடு வரும். நாடு என்ற அலகுக்குக் கீழே அடங்காமல் தானே ஒரு கூறாக நின்ற ஊர் என்று பொருள்.

நந்திவர்மனுக்குப் பின் வந்த தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரியின் பெயர் 'வைரமேக தடாகம்'. வைரமேகன் என்ற பட்டப்பெயர் தந்திவர்மனுக்கும் உண்டு, இராட்டிரகூடத் தந்திதுர்கனுக்கும் உண்டு. கவனிக்க வேண்டியது, ஏரி பேசப்படும் சூழல். வரி கட்டாமல் ஊரைவிட்டுப் போனவர்களின் நிலத்தைச் சபை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அதன் வருவாயை ஏரி தூர் வாரத் திருப்பிவிட்ட ஏற்பாடு இந்த ஊர்ச் சாசனங்களில் இருக்கிறது. ஏரி வெட்டிய பெருமையைப் பாடும் மெய்க்கீர்த்தியைவிட இது உதவும். வண்டல் சேர்வதும் அதை எடுக்கப் பணம் தேவைப்படுவதும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அன்றாடக் கவலையாகிவிட்டன என்று இதிலிருந்து தெரிகிறது.

கரையில் நடக்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் கரையின் இரண்டு சரிவுகள். நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் பாவுவார்கள். வெளிப்பக்கச் சரிவில் புல் இருக்கலாம், பனை இருக்கலாம். ஆலும் அரசும் கரைமேல் வளரக் கூடாது. வேர் பட்டுப்போனால் அது இருந்த இடம் குழாயாகி நீர் புகும். நண்டு வளையும் எலி வளையும் இதே வேலையைச் செய்யும். வெளிப்பக்க அடிவாரத்தில் கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பெரிய பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். அன்றிரவே ஆள் திரட்ட வேண்டும்.

அடுத்தது மடை. இன்றைய ஏரிகளில் இரும்புத் திருகு வைத்த மதகுகள்தான். பல்லவர், சோழர் காலத்து ஏரிகளில் இருந்தது குமிழித் தூம்பு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். இரண்டையும் இணைத்து மேலும் கீழும் குறுக்குப் பலகைக் கல், நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியே ஒரு நீண்ட தடி இறங்கும். தடியின் நுனியில் கூம்பு வடிவ அடைப்பு. அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் உள்ள பெரிய துளை நீரோடி, தரையை ஒட்டிய சிறு துளைகள் சேறோடி. தடியைத் தூக்கினால் மேல்துளை வழியே நீர் இறங்கும். அந்த இழுப்பில் அடியிலுள்ள சேறும் சிறு துளைகள் வழியே சேர்ந்து வெளியேறிக் கரைக்கடியில் செல்லும் சுருங்கையில் ஓடி வயலுக்குப் போய்விடும். மடைவாயில் வண்டல் கட்டாது, வயலுக்கும் உரம். இந்த அமைப்பின் பலவீனம் ஆள் சம்பந்தப்பட்டது: தடியைத் தூக்க நீந்திப் போக வேண்டும். நிறைந்த ஏரியில் இழுப்பில் சிக்கினால் உயிர் போகும். மடையைத் திறக்கப் போய் இறந்தவர்களுக்கு நடுகல் எடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

மூன்றாவது கலங்கல். ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் கல்கட்டு. பழைய கலங்கல்களில் வரிசையாகச் செங்குத்துக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியப் போகிறது என்று தெரிந்தபின் அந்தக் கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பேராசைப்பட்டு ஐப்பசியிலேயே அடைத்துவிட்டால் கார்த்திகை மழையில் கரை உடையும். மேலூரும் கீழூரும் சண்டை போட்ட வழக்குகளில் பாதி இந்தக் கற்களைப் பற்றியவையே.

இரண்டாம் நாள்: பெருங்குறி கூடிய இடம்

காலை ஏழு மணிக்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருப்பது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்துப் பள்ளங்களில் நிழல் நிற்கும்; உச்சி வெயிலில் கல் தட்டையாகத் தெரியும். வெயில் போன பிறகு வந்தால் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் போதும். சுண்ணாம்புக் கட்டி, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம், அது ஒரு காரணம். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் ஓரம் மழுங்கும், அது பெரிய காரணம்.

கட்டடத்தின் பெருமை அதன் கருங்கல் அடித்தளத்தில் இருக்கிறது. பெருங்குறி எனப்பட்ட ஊர்ச் சபை கூடிய மண்டபம் இதுதான். கருவறையும் மேற்கட்டுமானமும் பிற்காலச் சேர்க்கை. ஊர்ச் சபை எடுத்த முடிவுகளை அது கூடிய கட்டடத்தின் உடம்பிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் இந்த விதி என்று கேட்கிறவனுக்கு விரலால் தொட்டுக் காட்டலாம்.

வாசிக்க முயல்கிறவர்களுக்கு மூன்று குறிப்புகள். புள்ளி பெரும்பாலும் இருக்காது. மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். வடசொற்கள் கிரந்தத்தில் வரும் என்பதால், தமிழெழுத்துத் தெரிந்த கண் சில இடங்களில் சட்டென்று நின்றுவிடும். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்ற தொடரை முதலில் தேடிப் பிடியுங்கள். அது சோழ மன்னன் முதலாம் பராந்தகன். அங்கிருந்து வரி பிடித்து நகரலாம்.

வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்லும் இரண்டு சாசனங்கள் முக்கியம். ஒன்று பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இரண்டும் 1898-இல் படியெடுக்கப்பட்டு, கல்வெட்டறிஞர் வெங்கையாவின் ஆய்வால் உலகறிந்தன. இரண்டே ஆண்டு இடைவெளியில் ஏன் இரண்டு விதி? முதலாவதில் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். தகுதியின்மைப் பட்டியலும் நீண்டுவிட்டது. முதல் விதியைப் போட்டார்கள், அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள், அடைத்தார்கள். இரண்டாவது சாசனம் தன் நோக்கத்தைச் சொல்லும் இடத்தில் 'துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திப்பதாக' என்கிறது. நடந்தது ஏதோ ஊழல் என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேத அறிவு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரை நூலும்) கற்று விளக்க வல்லவனானால் அரைக்கால் வேலி போதும். இன்றைய கணக்கில் ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். நில உடைமையுள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த தேர்வு இது. நிலத்தில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் ஓலை கிடையாது. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று பலகை எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓட்டு என்ற பேச்சும் இதில் இல்லை, இது குலுக்கல். தகுதிக்கு விதி, தேர்வுக்குக் குலுக்கல் என்ற கலவைதான் இதன் புத்திசாலித்தனம்.

யார் கூடாது என்ற பட்டியல்தான் என்னைக் கேட்டால் சாசனத்தின் உயிர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், மாமனார், மனைவியின் சகோதரியைக் கட்டியவன், தன் சகோதரியைக் கட்டியவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முழுவதும் கூடாது. கணக்கு முடிக்காதவனை அவன் வீட்டாரே நெருக்கும்படி செய்யும் ஏற்பாடு. இதற்குமேல் ஊருக்குத் தணிக்கை அதிகாரி எதற்கு?

தேர்வு நடக்கும் விதம் அடி அடியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் தீட்டி, குடும்பின் பெயரெழுதிய வாயோலை பூட்டி, தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். குடவோலை பறிக்கும் நாளில் பெருங்குறி மகாசபை இளையோர் முதியோர் எல்லாரும் கூடியிருக்க வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்வோர், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி மேலே தூக்கிப் பிடித்து நிற்பார். உள்ளே என்ன இருக்கிறது என்றறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து, நடுவராக நிற்கும் மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். பிறகே பெயர் உறுதி. இப்படி முப்பது குடும்புக்கும் ஓர் ஆள்.

விரலை விரி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்களே, அதற்கு முன்னால் யாரோ ஒருவன் உள்ளங்கையில் வேறு ஓலை மறைத்திருக்க வேண்டும்.

தேர்ந்த 30 பேரில் முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மிச்சத்தில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வரிசையைக் கவனியுங்கள். ஊரின் உயர்ந்த பொறுப்புக்கு வர முதலில் ஏரியிலோ தோட்டத்திலோ வேலை பார்த்திருக்க வேண்டும். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். முடிந்தபின் மூன்றாண்டு மறுபடி வர முடியாது. ஒரு குடும்புக்கு வருடம் ஓர் ஆள், மூன்றாண்டு இடைவெளி என்றால் ஒவ்வொரு குடும்பிலும் குறைந்தது நான்கு தகுதியாளர் இருந்தால்தான் சக்கரம் சுழலும். ஊர் முழுவதுமாக 120 பேர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆறு ஆறு பேர் தனியாகத் தேவை. ஊர் எவ்வளவு பெரியது, நிலம் எவ்வளவு பரவலாகப் பிரிந்திருந்தது என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு தடயம்.

இந்தப் பின்னிரண்டு வாரியத்துக்கும் ஒரு தனித் தடை உண்டு: கழுதை ஏறினவனும் பொய் ஆவணம் எழுதினவனும் பெயர் தீட்டக் கூடாது. ஊரறியக் கழுதைமேல் ஏற்றி அவமானப்படுத்துவது அன்றைய தண்டனை. கணக்கனுக்கும் விதி இருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெருங்குறிப் பெருமக்களிடம் காட்ட வேண்டும். சரி என்று ஆகும்வரை வேறு கணக்கில் புக முடியாது.

இதே ஊரில் பொன்னின் மாற்று உரைத்துப் பார்க்கிறவர்களை நியமித்த சாசனமும் இருக்கிறது. மாடவீதியிலிருந்து நால்வர், சேனையிலிருந்து இருவர், எண்ணெய் வணிகர் குடியிருப்பான சங்கரப்பாடியிலிருந்து மூவர். உரைகல்லில் ஒட்டும் பொன்துகளை மெழுகில் ஒற்றியெடுப்பது தொழில் வழக்கம். அந்த மெழுகை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். பொன்துகள்கூட ஏரிக்குப் போன ஊர்.

மூன்றாம் நாள்: மேல்தளமும் கீழ்வயலும்

சுந்தரவரதப் பெருமாள் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே பார்த்துவிடுவது உத்தமம். பல்லவர் காலத்து மூன்றடுக்கு விமானம். ஒவ்வொரு தளத்திலும் தனிக் கருவறை. கீழே நின்ற கோலத்தில் சுந்தரவரதர், நடுவில் இருந்த கோலத்தில் வைகுண்டவரதர், மேலே கிடந்த கோலத்தில் அரங்கநாதர். கீழ்த்தளத்தின் மற்ற மூன்று பக்கங்களில் அச்சுதவரதர், அநிருத்தவரதர், கல்யாணவரதர். வைகானசம் என்ற வைணவக் கோயில் ஆகமத்தில் மரீசி முனிவர் சொல்லும் அமைப்பைக் கல்லிலும் செங்கலிலும் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கு வர வேண்டும். படிகள் குறுகல், வயதானவர்கள் மேல்தளத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

நம்முடைய ஏரிக் கதைக்கு இங்குள்ள தானச் சாசனங்கள் பயன்படும். நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்ல வதி (வழி), வாய்க்கால், கண்ணாறு (சிறு கால்), சதுக்கம் (சதுரத் துண்டு) என்ற நான்கு அடையாளங்கள் வருகின்றன. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதுக்கம். இந்த முகவரியைக் கொண்டு ஒரு துண்டு நிலத்தை இன்றைய சர்வே எண்போலத் துல்லியமாகக் காட்டலாம். நீர் பாயும் கோடுகளே நில அளவைக் கோடுகள். அப்படியானால் வாய்க்கால்களை முதலில் வரைந்து, பிறகுதான் நிலத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள்.

ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவனாக இங்குள்ள சாசனங்களில் வருகிறான். பார்த்திவேந்திரவர்மன் பெயரிலும் கணிசமான சாசனங்கள். பிறகு ஊர் இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று, தெலுங்குச் சோழர் காலத்தில் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. மக்கள் நாவில் பழைய பெயரே நின்றது.

மாலையில் மதுராந்தகம் போகலாம். உத்தம சோழனான மதுராந்தகன் பெயரிலுள்ள ஊர், அதுவும் ஏரியை நம்பியது. அங்கே இருப்பது ஏரி காத்த ராமர் கோயில். 1790-களில், கிழக்கிந்தியக் கும்பினியின் கையிலிருந்த செங்கல்பட்டு ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கொட்டும் மழையில் கரை உடையுமோ என்று பார்க்கப் போனபோது இராம லட்சுமணர் கரைமேல் காவல் நின்றதைக் கண்டான் என்பது தலபுராணம். தாயார் சந்நிதித் திருப்பணி கலெக்டரின் தர்மம் என்று கோயிலிலேயே எழுதியிருக்கிறது. தரிசனம் இருக்கட்டும். அந்தக் கலெக்டர் ஜாகிர் ஏரிகளைப் பற்றிக் கவலைப்பட்டது நிச்சயம். களத்தில் நெல் அளக்கும்போதே அரசுப் பங்குக்கு முன்னால் ஏரிக்கென்று மேரை என்ற ஒரு பங்கு நெல்லை எடுத்துவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கும்பினி ஆட்சியில் வரி உயர்ந்து மேரைகள் சுருங்கியபோது கரைக்கு ஆளும் இல்லை, நெல்லும் இல்லை. வண்டல் ஏறிய ஏரி சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் நிரம்பினால் கரைமேல் அழுத்தம் கூடும், உடையும்.

1858-இல் மதராஸ் அரசு, ஊராரே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. கூலியில்லா வேலைக்கு ஊராரைச் சட்டம் கூப்பிட்டது. அந்த வேலைக்கு ஈடாக முன்பு கிடைத்துவந்த மேரையைச் சட்டம் திருப்பித் தரவில்லை. அது நடைமுறையில் ஏறாமல் போனதில் வியப்பில்லை. பிறகு பொதுப்பணித் துறை, பிறகு 2017-இல் தமிழக அரசின் புதிய குடிமராமத்துத் திட்டம். இப்போது வண்டலை விவசாயிகள் அனுமதி பெற்று வயலுக்கு எடுக்கிறார்கள். எடுக்கும்போது ஒரே எச்சரிக்கை: கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. லாரி வந்து நிற்க வசதியான இடம் அதுதான் என்பதால் அங்கேதான் தோண்டுவார்கள். அங்கே பள்ளம் விழுந்தால் கரையின் கால் போய்விடும். வண்டல் அதிகம் படிவது வரத்துக்கால் வாயிலும் ஏரியின் உள்ளகத்திலும். அங்கிருந்து அள்ளுவதே பயன், செலவு கூடினாலும்.

மதுராந்தகம் ரயில் நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு வண்டி உண்டு. ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறவர்கள் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் போகலாம்; அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரனின் சாசனம் 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் அதில் இருப்பு வைத்த மருந்துகளின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறது. அதற்கும் சாய்வெயில் வேண்டும். காலை முதல் பேருந்தில் கிளம்புங்கள்.